பெயர் சொல்லாத இலை

இந்தக் கடிதத்தைப் போட எனக்குத் தபால் பெட்டி இல்லை. பினாங்குக்குத் தபால் எடுக்க மாட்டோம் என்று தபாலாபீஸில் சொல்லி வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. போன மாதமும் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். அதனால் இதைப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். மலாயாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன் மட்டும் இல்லை. அவர்களும் படிக்கட்டும். நீ படிப்பாயோ மாட்டாயோ, உன்னைப் பார்த்துப் பேசினால்தான் எனக்கு எழுத வருகிறது. ஆகவே, மகனே, உனக்கே எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, பொறுமையும் கிடையாது. விஷயம் இதுதான். நீ இருக்கிறாயா இல்லையா என்று என்னை முடிவு செய்யச் சொல்கிறார்கள். ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டதற்கு முன்னால் வந்த கடிதம்தான் உன் கடைசிக் கடிதம். அதில் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள் என்றும், அங்கே பூவன்பழம் நன்றாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. அங்கேயிருந்து கடைசியாகக் கப்பலேறி வந்த ஒருவர் திருமங்கலத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் பிடித்தேன். கடைத்தெருப் பக்கம் எரிந்தது, நீ வேலை பார்த்த பவர் ஹவுஸில் யார் நின்றார்கள் யார் ஓடினார்கள் என்று தெரியாது என்றார். உன்னைப் பார்த்தாரா? பார்க்கவில்லை. உன் உடலைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. அவர் வீட்டில் கொடுத்த மோரைக் குடிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனுஷனுக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும். என்ன செய்ய, அவர் எனக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்பது உனக்குத் தெரியும். மிஷன் தொழிற்பள்ளியில் ஃபிட்டர் வேலை படித்துக்கொண்டிருந்தபோதே எனக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். நீ பிறந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. நாம் இரண்டு பேரும் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரை மில்லுக்குச் சைக்கிளில் போகையில் அண்ணன் தம்பியா என்று கேட்காதவர்கள் உண்டா? நீ சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும். இப்போது ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் எனக்கு வயதாகிவிட்டது போல மெதுவாகப் பேசுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவனிடம் பேசுகிற குரல் அது. அந்தக் குரலைக் கேட்டால் நான் சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டு வேகமாய்ப் போய்விடுகிறேன்.

மில் எஞ்சின் ஹவுஸில் உன்னை நான் வேலைக்குச் சேர்த்த முதல் நாள் என்ன சொன்னேன்? கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே, மானேஜரே சொன்னாலும் நம்பாதே, கரண்ட் இருந்தால் எரிகிற டெஸ்ட் லாம்பை வைத்து நீயே பார்த்துவிட்டுத் தொடு என்றேன். நீ ஒரு நாள் மறந்துவிட்டுக் கையை நீட்டியபோது எல்லார் முன்னாலும் அறைந்தேன். அந்த அறைக்காக நான் வருத்தப்படவில்லை. அது உன் கையைக் காப்பாற்றியது. எனக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான்: பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. உன் விஷயத்தில் எனக்கு வைத்துப் பார்க்க ஒரு லாம்பு இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

உங்கம்மாவின் கஷ்டம் வேறு மாதிரி. நீ செத்திருப்பாயோ என்பதைவிட, செத்திருந்தால் உனக்கு யாரும் சோறு வைக்கவில்லையே என்பதுதான் அவளுக்கு. ரேஷன் கடை வாசலில் நின்று வாங்கி வருகிற புழுத்த அரிசியில் ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை. ஒரு நாள் அவளாகவே சொன்னாள். “இருந்தா எங்கனயாவது சாப்பிட்டுக்கிருவான். இல்லைன்னா எம்பிள்ளைக்கு யாரு போடுவா? பசியோட அலைவானே.” நான் கத்தினேன். கத்துவதைத் தவிர வேறென்ன தெரியும் எனக்கு? அவள் அந்தப் பிடி அரிசியை மறுபடியும் பானையில் போட்டாள். மறுநாள் மறுபடியும் எடுத்து வைத்தாள்.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள் கல்லுப்பட்டியிலிருந்து உன் மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உங்கம்மாவின் அண்ணன், உன் பெண்டாட்டி அழகுவின் அப்பன், இரண்டு உரிமையும் உள்ளவர். வந்ததும் வராததுமாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், உங்கம்மாவுக்கு மொச்சை கொடுத்தார், பருத்தி விலையைப் பற்றிப் பேசினார். அவர் சொல்ல வந்தது வேறு என்று எல்லாருக்கும் தெரிந்தது. அழகு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் நான்தான், எதுக்கு வந்தீக மச்சான், சொல்லித் தொலையுங்க என்றேன்.

அவர் சொன்னார். ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். போனவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து, அவன் வேட்டியை அதற்குச் சுற்றி, சுடுகாட்டில் வைத்து எரித்துவிட்டுக் கருமாதி செய்வார்கள். அமாவாசைக்கு அவன் பெயர் சொல்லி இலை போடுவார்கள். அன்றோடு அவன் செத்தவன். பெண்டாட்டி தாலியைக் கழற்றிவிடுவாள். நம் ஜனத்தில் அப்புறம் வேறொருவனுக்குக் கட்டிக் கொடுக்கத் தடையில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் அழகுவைக் கேட்கிறார்களாம். உருவம் எரிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு உன் பெயரில் ஓர் இலை மட்டும் போட்டுவிட்டால் மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அவரைப் பிடித்து வெளியே தள்ளத்தான் எனக்குத் தோன்றியது. எழுந்தும் விட்டேன். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். “மாப்ள, எம்மருமகன் செத்தான்னு சொல்ல நான் வரல. எம்மக இருக்காளான்னு பாக்க வந்தேன்.”

நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். இதை நீ கேட்டுக்கொள்ள வேண்டும். உன் மாமன் மேல் கோபப்படாதே. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கல்லுப்பட்டிச் சந்தை முழுக்கச் சுற்றியவர் அவர். உனக்கு ஒரு பெண் பிறந்து, அவள் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் பத்தொன்பது வயதில் உட்கார்ந்திருந்தால் நீயும் வண்டி கட்டிக்கொண்டு வருவாய். நீ கப்பலேறியபோது அவளுக்குக் கல்யாணப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. உன்னைச் செத்தவன் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். சரி. அவளைக் காத்திரு என்று சொல்ல மட்டும் எனக்கு என்ன உரிமை? இரண்டு பக்கமும் கம்பியில் கரண்ட் இருக்கிறது. எதைத் தொட்டாலும் ஒரு உயிர்.

அப்போதுதான் எனக்குப் பினாங்கு ஞாபகம் வந்தது. நீ பால்பல் விழாத பையனாக இருந்தபோது நான் அங்கே பவர் ஹவுஸில் வேலை பார்த்தேன் அல்லவா? அந்தக் கதையில் ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், மரியாதை போய்விடும் என்று. அங்கே சீனர்களுக்கு ஒரு மாதம் உண்டு. நமக்கு ஆடி கடைசியிலோ ஆவணியிலோ வரும். செத்தவர்களெல்லாம் அந்த மாதம் வெளியே வந்து நடமாடுகிறார்கள் என்பார்கள். தெருவோரம் சாக்கடை ஓரமெல்லாம் ஊதுபத்தி நட்டு, சோறும் பழமும் வைத்து, காகிதப் பணத்தைக் கொளுத்துவார்கள். ஆளைவிட உயரமான காகிதப் பேயரசன் ஒன்று செய்து பந்தலில் நிறுத்தியிருப்பார்கள். எதிரே மேடை கட்டி நாடகம் நடக்கும். அந்த மேடைக்கு விளக்குப் போட என்னுடன் வேலை பார்த்த ஆ செங் என்னைக் கூப்பிட்டான். என் வயதுக்காரன், சீன ஃபிட்டர். சந்தையில் பேசுகிற கொச்சை மலாயில்தான் இருவரும் பேசிக்கொள்வோம்.

வெயில் நேரம் முழுக்க ஏணியில் நின்று கம்பி இழுத்தேன். முடித்துவிட்டு இறங்கினால் கால் வலி. நாடகம் தொடங்கிவிட்டது. கூட்டம் பின்னால் நெருக்கிக்கொண்டு நிற்கிறது, முன் வரிசை நாற்காலிகளில் ஒரு ஆள் இல்லை. என்ன மடத்தனம் என்று நினைத்துக்கொண்டு நடு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கூட்டத்தில் ஒரு முனகல். மேடையில் பாடிக்கொண்டிருந்தவளே ஒரு நொடி என்னைப் பார்த்துத் தடுமாறினாள். எங்களோடு வேலை பார்த்த மேலூர்க்காரர் ஒருவர் பின்னாலிருந்து, “அண்ணே, பேய் மடியில ஏறி உக்காந்துட்டீகளே, நசுங்கிறப் போகுது” என்றார். ஆ செங் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து எழுப்பினான். எழுப்பிவிட்டு அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, இவன் வெளியூர்க்காரன், தெரியாமல் செய்துவிட்டான் என்று மன்னிப்புக் கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அந்த வரிசை செத்தவர்களுக்காம். விளக்குப் போட்டவனை வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று சொல்லி ஆ செங் என் கையில் ஊதுபத்தியும், சோறும் காயும் வைத்த ஒரு தட்டும் கொடுத்துத் தெருவோரம் கூட்டிப் போனான். என் வீட்டில் செத்தவர்களுக்கு ஊரிலேயே செய்கிறோம், இங்கே நான் யார் பெயரைச் சொல்லி வைக்க என்று கேட்டேன். என்னைவிட அவனுக்குப் பொறுமை குறைவு. பெயர் தெரிந்தால் அவரவர் வீட்டிலே வைத்துவிடுவார்களே, பெயர் தெரியாதவர்களுக்குத்தானே தெரு என்றான். கடலில் போனவன், ஊரில் ஆளில்லாதவன், செத்தது வீட்டுக்கே தெரியாதவன், எல்லாரும் அதில் சாப்பிடுவார்களாம். இன்னார் செத்தார் என்று நீ சொல்ல வேண்டாம், கீழே வை, அவ்வளவுதான் என்றான். வைத்தேன். ஒரு மழைச் சாரல் வந்து ஊதுபத்தி அணைந்தது. அவன் மறுபடியும் கொளுத்திக் கொடுத்தான்.

இதை உன் மாமனிடமும் உங்கம்மாவிடமும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். உங்கம்மா சிரிக்கவில்லை. பெயர் சொல்லாமல் ஓர் இலை போடுவோம், யாருமில்லாதவர்களுக்கு என்று போடுவோம் என்றேன். நீ செத்திருந்தால் அது உனக்குப் போகும். இருந்தால் வேறு எவனுக்கோ போகும். உன் பெயர் என் வாயில் வராது, அழகு கழுத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். உன் மாமன் தாடையைத் தடவிக்கொண்டார். சரி, இலையைப் போடுங்க, காக்கா எடுக்குதா பாப்போம் என்று மட்டும் சொன்னார். அவர் அதற்கு என்ன அர்த்தம் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். வந்து எடுத்தால் நீதான் வந்து எடுத்தாய் என்று சொல்லப் போகிறார். உங்கம்மாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். நான் செய்த ஏற்பாட்டில் அந்த ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. எஞ்சின் படித்தவன், இதைக் கவனிக்கவில்லை.

அமாவாசையன்று சமையலைத் தானே செய்வதாக அழகு சொன்னாள். யாரையும் அடுப்படிக்குள் விடவில்லை. உச்சி வெயிலில் கொல்லையில் வாழையிலை போட்டு அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். முதலில் பாகற்காய்ப் பொரியல், அதுவும் மலை மாதிரி. அப்புறம் பூசணிக் கூட்டு. அப்புறம் வெந்தயக் குழம்பு. சோற்றின் மேல் ஒரு கரண்டி வேப்பம்பூ ரசம். உன் மாமன் கொண்டுவந்த மொச்சை இலையில் இல்லை. அப்பளம் இல்லை. வெல்லம் போட்ட எதுவும் இல்லை. உங்கம்மா இலையைப் பார்த்தாள், அழகுவைப் பார்த்தாள்.

“என்னத்தா இது? அவன் நாக்குல வைக்காததா பாத்து ஆக்கியிருக்க?”

“அவுகளுக்கு ஆக்கலையே அத்தை,” என்றாள் அழகு. “பேரில்லாதவுகளுக்குத்தான ஆக்கச் சொன்னாக மாமா.”

செத்தவனுக்கு இலை போட்டால் அவனுக்குப் பிடித்ததைத்தான் போட வேண்டும், பிடிக்காததைப் போட்டால் அவன் திரும்பிப் பார்க்காமல் போவான் என்பது இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாகற்காயைப் பார்த்தால் நீ என்ன செய்வாய் என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். உன் கல்யாண விருந்திலேயே இலையில் வைத்த பாகற்காயை நைசாக எடுத்துப் பக்கத்து இலையில் போட்டாய், அந்த இலை உன் மாமனுடையது. அவருக்கு அது ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. இந்தப் பெண் எனக்கு ஒரு டெஸ்ட் லாம்பு செய்து கொடுத்துவிட்டாள். காக்கை தொடாமல் போனால் வந்தது நீ, தின்றால் வேறு எவனோ. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இலையை விட்டுத் தள்ளிப் போய் நின்றேன்.

காக்கை வரவில்லை. உன் மாமன் கா கா என்று கூப்பிட்டார். வேப்பமரத்தில் ஒன்று உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. வரவில்லை. உங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது அப்படியே பறந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் யோசிப்பதில்லை. அது இறங்கியது. சோற்றை மிதித்துக்கொண்டு நடந்து, நேராகப் பாகற்காயைக் கொத்தியது. பின்னாலேயே இன்னும் சில வந்தன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அந்த மலையைக் காலி செய்தன. பூசணிக்கு அதற்கப்புறம்தான் வந்தன.

உன் மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அம்புட்டுப் பாகக்காயையும் தின்னுப்புட்டுப் போகுதே,” என்றார். “இது எம்மருமகன் இல்ல மாப்ள.”

அன்றைக்கு எல்லாரும் பாகற்காயைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். உங்கம்மா ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டாவது தடவை சோறு வாங்கினாள். சாயங்காலம் உன் மாமன் வண்டியில் மாட்டைப் பூட்டினார். அழகு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி கிளம்பும்போது என்னைப் பார்த்து, தையில வாரேன் மாப்ள என்றார். அதில் மிரட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தை அமாவாசைக்கு வருவார். வந்தால் மறுபடியும் அதே கேள்விதான்.

நீ என்னிடம் வேலை படித்தவன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இது சோதனையே இல்லை. பசித்த காக்கை எதையும் தின்னும். பாகற்காயை வைத்து ஒரு மனுஷன் இருக்கிறானா இல்லையா என்று பார்க்க முடியாது. என் எஞ்சின் ஹவுஸில் எவனாவது இப்படி ஒரு சோதனை செய்துவிட்டு வந்திருந்தால் வேலையை விட்டே துரத்தியிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து உங்கம்மா அந்தப் பிடி அரிசியை எடுத்து வைப்பதில்லை. நானும் அந்தக் காக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு பிடி இல்லை. அழகு எவ்வளவு நாள் இப்படி இருப்பாள், இருக்க விடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமே கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் தாயி, நான் கோபப்பட மாட்டேன் என்று. அவள் கேட்டது ஒன்றுதான். “அங்கன பாகக்கா கிடைக்குமா மாமா?” கிடைக்கும், சீனர்கள் நிறையத் தின்பார்கள் என்றேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டு வறட்டிக்குச் சாணம் மிதிக்கப் போய்விட்டாள்.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள். நீ இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அங்கே இப்போது சோற்றுக்குத் திண்டாட்டம் என்கிறார்கள். ஆளில்லாமல், வேலையில்லாமல், எங்காவது தோட்டத்திலோ காட்டிலோ ஒளிந்துகொண்டு கிடக்கிறாயோ என்னவோ. அடுத்த ஆவணியில் சீனர்கள் தெருவோரம் தட்டு வைப்பார்கள். சண்டை நடந்தாலும் வைப்பார்கள், அதை விடமாட்டார்கள். நாடகத்தில் முன் வரிசை நாற்காலியில் மட்டும் உட்காராதே. ஆனால் தெருவோரத்துத் தட்டை எடு. யாரும் பார்த்தால் பார்க்கட்டும், கூச்சப்படாதே. யாருமில்லாதவனுக்கு என்று வைத்த சோறு அது, உங்கப்பனும் ஒரு காலத்தில் அந்தத் தெருவில் ஒன்று வைத்தவன்தான், யாருக்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உனக்கு ஊரில் ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே சாப்பிடு. பாகற்காய் இருந்தாலும் மிச்சம் வைக்காதே.